தீபன் அப்பா

எங்கள் அப்பாவுக்கு மூர்த்தி என்று ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையிலும் பஸ் லைசென்சிலும், கடைசியில் மருத்துவமனையில் கையில் சுற்றிவிட்ட பட்டையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. ஆனால் கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பில், மூர்த்தி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள். தீபன் அப்பா வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போவார்கள்.

அந்தப் பெயரை அவருக்கு வைத்தவர் அம்மா. கல்யாணம் ஆன புதிதில் அம்மா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லையாம். "இந்தாங்க", "கேட்டீங்களா", அவ்வளவுதான். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அம்மாவின் வீட்டில் யாருக்கும் இல்லை. அண்ணன் பிறந்து, தீபன் என்று பெயர் வைத்த அன்று சாயங்காலம், தொட்டில் கட்டக் கயிறு தேடியபோது அம்மா முதல் தடவையாக, "தீபன் அப்பா, அந்தக் கயிறு எங்க?" என்று கேட்டாராம். அப்பா இதை எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். "யாரை கூப்பிடறான்னு பின்னாடி திரும்பிப் பார்த்தேன்லா. ஒருத்தரும் இல்ல. அப்பதான் தெரிஞ்சுச்சு, அது நான்னு."

அப்பா பிறந்தது தோட்டத்தில். ரப்பர் பால் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபோது அவருக்கு வாலிப வயது. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். காஹாங் பக்கத்துத் தோட்டங்களில் சில வருடங்கள் இருந்தார். பிறகு அண்ணன் பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் கூலாய்க்கு வந்து, செனாயில் இருக்கும் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸுக்கு ஓட்டுநரானார். அதிலேயே கிழவரானார்.

பஸ்ஸில் அவருக்கு ஒரு பழக்கம். விடியற்காலையில் வீடு வீடாக ஆள் எடுக்கும்போது ஹாரன் அடிக்கமாட்டார். "சின்னப் பிள்ளைங்க தூங்கும்" என்பார். விளக்கை இரண்டு தடவை அணைத்து அணைத்துப் போடுவார். ஜன்னல் கண்ணாடியில் அந்த வெளிச்சம் பட்டதும் பெண்கள் டிபன் பெட்டியோடு ஓடி வருவார்கள். வராதவர்களுக்காக அவர் காத்திருப்பார். காத்திருந்ததற்குத் திட்டும் வாங்குவார்.

"தீபன் அப்பா, அவ இன்னும் புருவம் வரைஞ்சுகிட்டு இருக்கா. நீங்க இப்படியே நின்னா எங்களுக்கு லேட் போட்டுருவாங்க."

"வரையட்டும்மா. ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கும். பாதியில எப்படி வரும்?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். மலாய்ப் பெண்கள்கூட, என்ன சொன்னார் என்று பக்கத்தில் கேட்டுச் சிரிப்பார்கள். பழைய டீசல் எஞ்சின் ஓட்டுநர் பக்கத்திலேயே இருந்ததால் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. இடது பக்கம் நின்று பேசினால் தலையை மட்டும் ஆட்டுவார். அதைத் தெரிந்துகொண்டு சிலர் அந்தப் பக்கம் நின்று அவரைக் கிண்டல் செய்வதும் உண்டு. அதற்கும் தலையை ஆட்டுவார்.

அண்ணன் படித்து முடித்துச் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போய், இருட்டிய பிறகு திரும்புவான். சனி ஞாயிறில் வீட்டில் இருக்கமாட்டான். கேமராவைத் தூக்கிக்கொண்டு எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போய்விடுவான். எங்காங் என்கிற இருவாச்சிப் பறவை என்றால் உயிர். பெரிய மூக்கின் மேல் சிவப்பாக ஒரு கொம்பு வைத்த அந்தப் பறவையைக் கைபேசியில் காட்டி, "அம்மா, இது பறக்கும்போது ரயில் வர மாதிரி சத்தம் வரும்" என்பான்.

"பறவைக்கு எதுக்குடா ரயில் சத்தம்?" என்று அம்மா நம்பமாட்டார்.

"நீங்களே வந்து கேளுங்க. இந்த மழைக்குக் காட்டை மூடிருவாங்க. மழை விட்டுத் திறந்ததும் உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்."

அந்த மழைக் காலத்தில்தான் அவன் போனான். ஸ்கூடாய் தாண்டி, நெடுஞ்சாலையில், விடியற்காலை இருட்டில். ஒரு லாரி. அதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

போலீஸ்காரர் வீட்டுத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். அம்மா சமையலறையில் மாவுக் கையோடு இருந்தார். அன்று அப்பாவுக்கு விடுமுறை. குளித்துவிட்டுத் துண்டோடு நின்றவரை அம்மா கூப்பிட்டார்: "தீபன் அப்பா, போன் அடிக்குது பாருங்க."

அதுதான் அம்மா அவரை அப்படிக் கடைசியாகக் கூப்பிட்டது. அதன் பிறகு கூப்பிடவில்லை.

முதலில் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சாவு வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று யார் பார்ப்பார்கள்? சில மாதங்கள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா அப்பாவோடு பேசினார். சண்டை எதுவும் இல்லை. ஆனால் பேச்செல்லாம் சுவரைப் பார்த்து இருந்தது. "டீ ஆறுது." "மருந்து தீர்ந்து போச்சு." "மழை வருது, துணி காயுது." சாப்பாடு ஆனதும் கரண்டியால் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். அப்பா எழுந்து வருவார். பழைய "இந்தாங்க"கூடத் திரும்பவில்லை. அது தீபன் பிறக்குமுன் இருந்த சொல். அந்த இடத்துக்கு அம்மாவால் போக முடியவில்லை என்று நினைக்கிறேன்.

தாமானில் மற்றவர்களும் மாறினார்கள். நல்ல மனதோடுதான். பிள்ளையின் பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறியது போல ஆகுமே என்று "மூர்த்தி அண்ணே" என்றார்கள். பஸ்ஸில் பெண்கள் "அங்கிள்" என்றார்கள். ஒருநாள் அடுத்த வீட்டுக் கிருஷ்ணம்மா அத்தை அம்மாவிடம் சொன்னார்:

"இப்படியே ஊமையாட்டம் இருந்தா எப்படி சந்திரா? இன்னொரு பிள்ளை இல்லையா உனக்கு? இனிமே பிரேமலா அப்பான்னு கூப்பிட்டுப் பழகு."

நான் அப்போது கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கிருஷ்ணம்மா அத்தையைப் பார்த்தார். "அது வேற ஆளு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி என்றே பட்டது.

அப்பாதான் தேய்ந்தார். வெளியில் தெரியாது, வேலைக்குப் போனார், வந்தார். ஒருநாள் நான் காரை ஓட்ட அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தபோது திடீரென்று சொன்னார்: "அவன் போயிட்டான். சரி. அந்தப் பேரையும் ஏம்மா எல்லாரும் எடுத்துகிட்டாங்க? ஊர்க்காரங்க எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. உங்கம்மா கொடுத்தது. அவளே ஒரு தடவை கூப்பிட்டா போதும்."

"நீங்க கேளுங்களேன் அப்பா."

"கேட்டு வாங்கறதா அது?"

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு மாசி மாதத்தில், வாசலில் மண் அப்பிய ஹைலக்ஸ் வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவர் குணாளன். காஹாங்கிலிருந்து காட்டுக்குள் இருக்கும் கம்போங் பெத்தா கிராமம்வரை ஆட்களை ஏற்றிப் போகும் ஓட்டுநர். அண்ணனை அடிக்கடி கூட்டிப்போனவர் அவர்தான். சாவுக்கு வர முடியாமல் போனது அவருக்குள் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. உள்ளே வந்ததும் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தீபன் அப்பா, நல்லா இருக்கீங்களா?" என்றார்.

வீடு அப்படியே நின்றது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மன்னிச்சுக்குங்க, உங்க பேரு எனக்குத் தெரியாது. அவன் 'எங்கப்பா, எங்கப்பா'ன்னுதான் சொல்வான்."

"அதான் என் பேரு. உக்காருங்க" என்றார் அப்பா. அவர் முகத்தை அப்படி நான் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தேநீரோடு திரும்பியபோது கண் சிவந்திருந்தது. குணாளன், காடு திறந்தாயிற்று, எங்காங் கூடு கட்டியிருக்கிறது, தீபன் கூட்டிப்போவதாகச் சொன்ன இடத்துக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அது பறந்தா நெசமாவே ரயில் சத்தம் வருமா?" என்று கேட்டார்.

"வந்து கேளுங்கம்மா" என்றார் குணாளன். அண்ணன் சொன்ன அதே சொல்.

நெத்திலிச் சம்பலும் இட்லியும் கட்டிக்கொண்டு போனோம். காஹாங் தாண்டியதும் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, "இங்கதான் லாரி சேத்துல மாட்டிச்சு, இங்கதான் ஆனை வழியை மறிச்சுச்சு" என்று காட்டிக்கொண்டே வந்தார். அம்மா பின்னால் என்னோடு. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெத்தாவில் தங்கும் வீட்டில் பைகளை வைத்துவிட்டு, வெயில் சாய்ந்ததும் குணாளன் எங்களை மறுபடி வண்டியில் ஏற்றினார். காடும் செம்பனையும் தொட்டுக்கொள்ளும் ஓரமாக ஒரு பாதை. வசந்தம் என்று எங்கள் ஊரில் ஒன்று கிடையாது. ஆனால் வடகிழக்கு மழை ஓய்ந்து வெயில் வந்த அந்தச் சில வாரங்களில் காடு வேறாகிவிடுகிறது. பெரிய மரங்களில் தளிர் பச்சையாக இல்லை. செம்பு நிறத்தில், ரோஜா நிறத்தில் விட்டிருந்தது. பாதை முழுக்க யார் தலையிலிருந்தோ விழுந்தது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. ஈரமண்ணில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் அப்பிக்கிடந்தன. வண்டி வந்ததும் எழும்பி, போனதும் உட்கார்ந்தன. ஒரு காட்டுப்பன்றி, முதுகில் கோடு போட்ட குட்டிகளை இழுத்துக்கொண்டு பாதையைக் கடந்தது. கடைசிக் குட்டி நடுவழியில் நின்று எங்களைப் பார்த்தது. "ஓடு, ஓடு" என்று அம்மா மெதுவாகச் சொன்னார்.

ஓர் உயரமான மரத்தின் எதிரே குணாளன் எஞ்சினை அணைத்தார். தண்டில், மிக மேலே, ஒரு பிளவு. "அதுக்குள்ள பொம்பளை இருக்கு. பொந்து வாயை மண்ணு வச்சு அடைச்சுகிட்டு உக்காந்திருக்கும். குஞ்சு பெரிசாகிற வரைக்கும் வெளிய வராது. ஆம்பளைதான் பழம் கொண்டு வந்து கொடுக்கணும்."

"ஆம்பளை கூப்பிட்டா அது பதில் பேசுமா?" என்று அப்பா கேட்டார்.

"அதெங்க லா. மூக்கை மட்டும் நீட்டும். பழத்தை வாங்கிக்கும்."

"சரிதான். எங்க வீடு மாதிரி" என்றார் அப்பா.

குணாளன் சிரித்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அதற்குள் தலைக்கு மேலே அந்தச் சத்தம் வந்தது. எங்கோ தண்டவாளத்தில் புறப்படுவது போல, வர வரக் கனமாக, சிறகு காற்றை அறுக்கும் சத்தம். பெரிய கறுப்புப் பறவை மரத்தில் இறங்கி, பொந்துக்குள் மூக்கை நுழைத்து, எடுத்து, மறுபடி நுழைத்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். "ரயிலேதான்" என்றார். "அவன் பொய் சொல்லல."

திரும்பும் வழியில் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். சர்க்கரை வியாதிக்காரர், அவசரம். "தூரமா போகாதீங்க" என்று குணாளன் சொன்னார். அப்பா பாதையைக் கடந்து, செம்பனை வரிசையின் ஓரமாக எங்களுக்கு முதுகு காட்டிப் போனார். வேலை முடிந்த பிறகும் உடனே திரும்பவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முன்னால் நீண்ட செம்பனை வரிசையைப் பார்த்தபடி நின்றார்.

குணாளன்தான் முதலில் பார்த்தார். அவருடைய கை மெல்ல என் பக்கம் நீண்டு, பேசாதே என்று காட்டியது. அப்பாவுக்கு இடப்புறம், காட்டின் விளிம்பில், இலைகள் ஒதுங்கின. ஒரு பெண் யானை. அதன் வயிற்றுக்கு அடியில், அதையே உரசிக்கொண்டு ஒரு குட்டி. குட்டியோடு இருக்கும் யானை. அதற்கும் அப்பாவுக்கும் நடுவில் நாலைந்து செம்பனை தூரம்தான் இருந்தது. அப்பாவின் அந்தப் பக்கத்துக் காதுதான் கேட்காது.

"ஹாரன் அடிக்கக் கூடாது" என்று குணாளன் உதட்டுக்குள் சொன்னார். "மிரண்டா குட்டிக்காகப் பாயும். அவரா மெல்ல வரணும்."

அம்மா விரல் மோதிரத்தால் கண்ணாடியில் தட்டினார். இரண்டு தட்டு. சாப்பாட்டுக்குத் தட்டுவது போல. அப்பா திரும்பவில்லை. இன்னும் இரண்டு தட்டு. யானை காதை விரித்தது. அப்பா அசையவில்லை.

அம்மா கண்ணாடியை இறக்கினார். அவருடைய வாய் திறந்தது, மூடியது. என் கையைப் பிடித்திருந்தார், நகம் பதிந்தது. பிறகு குரல் வந்தது. கத்தவில்லை. சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கூப்பிடும் அதே அளவில், ஆனால் உடைந்து:

"தீபன் அப்பா."

அப்பா திரும்பினார். ஒரே கூப்பிடலில். அம்மா கையை மட்டும் அசைத்து, வாங்க என்றார். அவர் ஓடவில்லை. முதுகை யானைக்குக் காட்டாமல், பக்கவாட்டில், ஒவ்வோர் அடியாக வந்தார். யானை துதிக்கையைக் குட்டியின் மேல் போட்டுக்கொண்டு நின்றது. அவர் ஏறிக் கதவைச் சாத்தியதும், கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு பாதையைக் கடந்து செம்பனைக்குள் போயிற்று.

"அலமாக்" என்றார் குணாளன். வியர்த்திருந்தார். "எனக்கே உசிரு போயிடுச்சு தீபன் அப்பா."

அப்பா பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தார். "கூப்பிட்டியா?"

"ஆமா. கூப்பிடாம?" என்று அம்மா அழ ஆரம்பித்தார். அண்ணனின் சாவுக்கு அழாத அழுகையெல்லாம் அந்த வண்டியில், பெத்தா வரும்வரை அழுதார். அப்பா சீட்டின் இடுக்கு வழியாகக் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்து வந்தார். தோள் வலித்திருக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயர் திரும்பியது. "தீபன் அப்பா, டீ." "தீபன் அப்பா, வாசல்ல யாரு?" ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அம்மாவுக்கு எங்கோ வலித்தது, அது தெரிந்தது. ஆனாலும் சொன்னார். தாமானிலும் ஒவ்வொருவராகப் பழையபடி கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த வருடம் அப்பாவின் சிறுநீரகம் நின்றுபோனது. மருத்துவமனையில் ஒரு மாலை நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். அம்மா வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மைனாக்கள் கத்திக்கொண்டிருந்தன. அப்பா மெதுவாக, "அந்த ஆனையை நான் முன்னயே பார்த்துட்டேன்" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"உங்கம்மா கண்ணாடியைத் தட்டினதுகூடக் கேட்டுச்சு. காத்துல வந்துச்சு. நான்தான் திரும்பல."

"அப்பா! குட்டியோட இருந்துச்சே. அம்மா கூப்பிடாம விட்டிருந்தா?"

"மெல்ல வந்திருப்பேன். எனக்கு ஆனையத் தெரியாதா? லாரி ஓட்டினப்ப எத்தனை பார்த்திருக்கேன்." கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல. வந்திருக்க மாட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. திட்டுவா."

நான் சொல்லவில்லை.

கருமாதிக்குக் கூடம் நிறைய ஆள். செனாய் பஸ்ஸில் வந்த பெண்கள், ஓய்வு பெற்றவர்கள்கூட, வந்திருந்தார்கள். குணாளன் வந்து மூலையில் நின்றார். பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்ய நான் உட்கார்ந்தேன். சடங்கு நடத்திய பண்டாரம் கேட்ட இடத்தில் மூர்த்தி என்று சொல்லி, மூன்று தடவை தண்ணீர் விட்டேன். கடைசியில் அம்மாவைக் கூட்டிவந்து படத்துக்கு முன் உட்காரவைத்தார்கள். கையில் பூவைக் கொடுத்து, "இன்னிக்கு ஒரு நாள் சொல்லலாம்மா, தப்பில்ல. பேரைச் சொல்லிப் பூவைப் போடுங்க" என்றார் பண்டாரம்.

"தீபன் அப்பா" என்றார் அம்மா.

"அது இல்லம்மா. அவரோட பேரு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க சொல்றதைச் சொன்னா அவருக்குக் கேக்காது. ஒரு காது மந்தம். இதுக்குத்தான் திரும்புவாரு."

அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கூப்பிடும் அளவில், மறுபடியும் கூப்பிட்டார். ஒருவர் எழுந்து வருவதற்கு ஆகும் நேரம்வரை காத்திருந்தார். பிறகு பூவைப் போட்டார்.